சுருள் மிஞ்சாத முன்னோடி

அவையோர்க்கு வணக்கம். தென்னிந்தியாவின் முதல் கதைப்படத்தை எடுத்த ஆர். நடராஜ முதலியாரைப் பற்றிப் பேச வந்திருக்கும் நான், அவர் எடுத்த எதையும் பார்த்தவனல்லன்; இந்த அரங்கில் உள்ள எவரும் பார்த்திருக்க முடியாது. அவருடைய ‘கீசக வதம்’ வெளிவந்தது 1917-லா 1918-லா என்பதில்கூட ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

வேலூர்க்காரரான முதலியார் சென்னையில் மோட்டார் உதிரிபாக வணிகம் செய்தவர். இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப்படும் தாதாசாகேப் பால்கேயின் படங்களால் ஈர்க்கப்பட்டு, ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஒளிப்பதிவாளரிடம் தொழில் கற்று, புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் இந்தியா பிலிம் கம்பெனியைத் தொடங்கினார். அங்கே தலைக்கு மேல் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, வெயிலின் கடுமையைத் தணித்து, அப்படி வடிந்த வெளிச்சத்திலேயே படம்பிடித்தார்கள். கேமராவைக் கையால் சுழற்ற வேண்டிய காலம் அது. சுழற்றும் கை சற்றே தளர்ந்தாலும் திரையில் நடப்பவர்கள் ஓடத் தொடங்கிவிடுவார்கள். எடுத்த சுருளைக் கழுவுவது அதைவிடப் பெரிய பாடு. கழுவும் நீர் சூடேறினால் சுருளின் மேற்பூச்சு இளகிவிடும் என்பதால், குளிர்ச்சியான பெங்களூரில் அதற்கென ஓர் ஆய்வகம் அமைத்து, சென்னையில் எடுத்ததை அங்கே கொண்டுபோய்க் கழுவினார். முன்னோடி என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் சொல்லுக்குள் இந்த ரயில் பயணங்களும் அடங்கியிருக்கின்றன என்றே நான் கருதுகிறேன்.

‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘லவ குசா’, ‘மார்க்கண்டேயா’ எனப் புராணப் படங்கள் தொடர்ந்தன. மகனை இழந்த துயரமும் ஸ்டுடியோவில் மூண்ட தீயும் 1923-இல் அவரைத் திரைத்தொழிலிலிருந்தே விலக்கின.

அக்காலத்து நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். பற்றாவிட்டாலும் நாளடைவில் தானே சிதையும். 1931-இல் முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ பேசத் தொடங்கியபின் ஊமைப் படங்களைப் பேணுவார் இல்லை. 1933-இல் வெளியான ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற ஊமைப் படம் பதிப்புரிமை வழக்கில் சிக்கி முடங்கிக் கிடந்ததாலேயே பிழைத்தது. அதன் பிரதி இன்று புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஓடிய படம் அழிய, ஓடாமல் கிடந்த படம் தப்பியதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

அந்தக் காப்பகம் தொடங்கப்பட்டது 1964-இல். நடராஜ முதலியார் 1971 வரை உயிரோடு இருந்தார்.