உட்கார்ந்து கொடுப்பவரும் உட்கார முடியாதவரும்

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் தொங்கிக்கொண்டிருக்கும். தாத்தா படமாக இருக்கலாம், அத்தை படமாக இருக்கலாம். அதைப் பார்த்து வீட்டில் யாராவது ஒருவர், "படம் நல்லாத்தான் இருக்கு, ஆனா இது அவர் இல்ல" என்று எப்போதாவது சொல்லியிருப்பார். கண், மூக்கு, மீசை எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும், ஆனாலும் ஆள் இல்லை. உருவப்படம் வரைகிற எங்களைத் தூங்கவிடாத வாக்கியம் அதுதான்.

கைத்திறமை போதாமல் இப்படி ஆகிறது என்று நினைக்கிறார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி, தூரிகையைத் தொடுவதற்கு முன்பே கெட்டுப்போகிறது. இந்த முகத்தை யார் அடையாளம் காணப்போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வேலையைத் தொடங்கினால் சாயல் வராது. மந்திரி படமானாலும் சரி, மறைந்துபோன மளிகைக்கடைக்காரர் படமானாலும் சரி, இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

படம் வரைய நேரில் வந்து உட்கார்ந்து கொடுப்பவரிடமிருந்து தொடங்குகிறேன். ஓவியர் நின்றுகொண்டு வரைவார், அவர் நாற்காலியில் இருப்பார். நாற்காலியைத் தரையிலேயே போட்டால் உச்சந்தலையைப் பார்த்து வரைய நேரிடும். அதனால் ஒன்றே கால் அடி உயரத்தில் ஒரு மேடை போட்டு அதன்மேல் நாற்காலியை வைப்போம். இருவர் கண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். இடைவெளி ஆறிலிருந்து எட்டு அடி. நான்கு அடிக்கும் கிட்டே போனால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் ஓடிவிடும். வெளிச்சம் வடக்குச் சன்னலிலிருந்து வந்தால் நல்லது, அந்தப் பக்கத்து வெளிச்சம் நாள் முழுக்க அதிகம் மாறாது. இருபது, இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்ததும் ஐந்து நிமிடம் எழுந்து நடக்கச் சொல்ல வேண்டும். எழும்முன் நாற்காலிக் கால்களையும் அவர் பாதங்களையும் சுற்றிச் சாக்பீஸில் கோடு போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வந்து உட்காருபவர் வேறொரு ஆளாக இருப்பார்.

இரண்டு மணி நேரம் வீதம் ஐந்தாறு அமர்வு கிடைத்தால் மார்பளவுப் படம் நிதானமாக முடியும். முதல் அமர்வில் முதல் அரை மணி நேரம் வண்ணத்தைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பேச வேண்டும். "அசையாமல் இருங்கள்" என்று சொன்ன நொடியில் மனிதர்கள் அடையாள அட்டைப் புகைப்பட முகத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். தாடை இறுகுகிறது, புருவம் ஏறுகிறது. அந்த முகம் வீட்டில் யாருக்கும் தெரியாது! தொழிலைப் பற்றியோ பேரப்பிள்ளைகளைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கும்போது, பேச்சு நின்ற அடுத்த இரண்டு நொடியில் ஒரு முகம் வருமே, அதுதான் வேண்டும். அதை மனத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, மற்ற நேரத்தில் எலும்பையும் நிழலையும் பார்த்து வரையலாம்.

இன்னொன்று. உட்கார்ந்து கொடுப்பவர் படத்தைப் பார்த்து "நான் இப்படியா இருக்கிறேன்?" என்று கேட்பார், பக்கத்தில் நிற்கும் மனைவி "அச்சு அசல் நீங்கதான்" என்பார். இரண்டும் நேர்மையான பேச்சு. அவருக்குத் தம் முகம் கண்ணாடியில்தான் பழக்கம், அதாவது இடம் வலம் மாறி. ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்து, படத்தை அதற்குள் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சமாதானம் ஆகிவிடுவார்.

பொது வாழ்க்கையில் இருப்பவர்கள் என்றால் கூடவே மூன்றாவது தரப்பு ஒன்று வந்து நிற்கும். பணம் கொடுப்பவர் ஒருவர், உட்காருபவர் இன்னொருவர், படத்தைப் பார்க்கப்போவது ஊர். இது எப்படி முறியும் என்பதற்கு சர்ச்சில் படத்தை மிஞ்சிய உதாரணம் இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1954-ல் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எண்பது வயது நிறைந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இரு அவையினரும் சேர்ந்து அவருக்கு ஓர் உருவப்படம் பரிசளிக்க முடிவு செய்தார்கள். வரைந்தவர் கிரஹாம் சதர்லாந்து, கூலி ஆயிரம் கினி (பழைய பிரிட்டிஷ் பணக் கணக்கு). சர்ச்சில் தம் சார்ட்வெல் வீட்டில் உட்கார்ந்து கொடுத்தார். கார்டர் என்ற பிரிட்டிஷ் உயர் விருதுக்கான பகட்டு அங்கியில் தம்மை வரைய வேண்டும் என்பது அவர் ஆசை. நாடாளுமன்றத்துக்கு வருகிற சாதாரண உடைதான் என்று முடிவானது. முதல் விரிசல் அங்கேயே விழுந்துவிட்டது. சதர்லாந்து சார்ட்வெல்லில் கரிக்கோலில் நிறையப் படிப்போவியங்கள், அதாவது பெரிய படத்துக்கு முன்னால் பார்த்துப் பழகும் வரைவுகள், எடுத்துக்கொண்டு, பெரிய கேன்வாஸைத் தம் ஸ்டூடியோவில் வைத்து வரைந்தார். வேலை நடக்கும்போது படத்தைக் காட்டுவதில் அவருக்கு விருப்பமில்லை.

விழாவுக்குச் சில நாள் முன்பு, முடிந்த படத்தின் புகைப்படத்தைத்தான் சர்ச்சில் முதலில் பார்த்தார். அதில் நாற்காலிக் கைகளை இறுகப் பிடித்தபடி ஒரு கிழவர். அதற்கு முந்தைய ஆண்டு, 1953-ல், அவருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. அது வெளியே தெரியாமல் மறைக்கப்பட்டது. நாட்டுக்கே மறைத்து வைத்த தளர்ச்சி, நாடே பார்க்கப்போகிற படத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவர் நிலையில் யாருக்கும் நெஞ்சு கொதிக்கும். நவம்பர் 30 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் படம் திறக்கப்பட்டபோது, இது நவீனக் கலைக்கு ஒரு குறிப்பிடத்தக்க உதாரணம் என்று சொன்னார், கூட்டம் சிரித்தது. படம் சார்ட்வெல் போய்ச் சேர்ந்தது. சுவரில் மாட்டப்படவே இல்லை. ஓரிரு ஆண்டுகளில் அழிக்கப்பட்டது. சர்ச்சிலின் மனைவி கிளமென்டைன் இறந்தபிறகு, 1978-ல்தான் இது வெளியே தெரிந்தது. படிப்போவியங்கள் சில தப்பிப் பிழைத்து இன்றும் இருக்கின்றன.

அவற்றைப் பார்க்கும்போது அது வலிமையான ஓவியம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் உறவு முறிந்தது, ஓவியமும் போயிற்று. இரண்டு காரியம் செய்திருக்கலாம். ஒன்று, உடையும் தோரணையும் யாருக்காக என்பதை மூன்று தரப்பும் கூடி முதல் நாளே பேசித் தீர்ப்பது. இரண்டாவது, பழுப்பு வண்ணத்தில் மெல்லிய அடிப்பூச்சு மட்டும் போட்ட நிலையிலேயே படத்தைக் காட்டுவது. அந்தக் கட்டத்தில் டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்தால் ஒரு தலையையே நகர்த்திவிடலாம். முடிந்தபிறகு ஒரு புருவத்தை மாற்றுவதற்குக்கூடச் சுரண்ட வேண்டும்.

லூசியன் ஃப்ராய்ட் என்ற பிரிட்டிஷ் ஓவியர் அரசி இரண்டாம் எலிசபெத்தை 2000-க்கும் 2001-க்கும் இடையில் வரைந்தார். ஒன்பதரை அங்குலம்கூட உயரமில்லாத சின்னப் படம். தலையில் வைர மகுடம் வேண்டும் என்றபோது, கேன்வாஸின் மேற்புறம் மூன்றரை சென்டிமீட்டர் கூட்டப்பட்டது. வேலை நடுவில் இருக்கும்போதே முடிவு மாறலாம், மாறினால் கேன்வாஸும் வளர வேண்டும்.

நம் ஊரில் உட்கார ஆளே இல்லாத ஒரு முகம் எல்லோருக்கும் தெரியும். கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்த திருவள்ளுவர். 1960-ல் தபால்தலையாக வந்தது. 1964-ல் அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் ஜாகிர் உசேன் சட்டமன்றத்தில் திறந்துவைத்தார். வள்ளுவரைப் பார்த்தவர் யாருமில்லை, உரிமை கொண்டாடுபவர்களோ கோடிப் பேர். எந்தச் சமயச் சின்னமும் இல்லாமல் வெள்ளை ஆடையில் அவர் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். யார் அடையாளம் காணப்போகிறார்கள் என்ற கேள்விக்கு ஓவியர் சொன்ன பதில் அந்தப் படம்.

நிறத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னால் போக முடியாது. தலைவர் படமானாலும் பாட்டி படமானாலும் "கொஞ்சம் கலரா போட்டுடுங்க" என்று காதோடு சொல்வார்கள். நம் மாநிறத் தோலை வரையச் சில ஓவியர்கள் கறுப்பை அள்ளிப் போடுகிறார்கள், முகம் சாம்பல் பூத்துவிடுகிறது. வேறு சிலர் வெள்ளையைக் கொட்டுகிறார்கள், சுண்ணாம்பு அடித்தாற்போல் ஆகிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டார் பயப்படுகிறார்கள். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரின் நீலமும் கலந்தால் உயிருள்ள நிழல் கிடைக்கும். வெளிச்சப் பகுதிக்கு எல்லோ ஆக்கர் என்ற மண்மஞ்சளும் கொஞ்சம் சிவப்பும். நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் விழும் பளபளப்பில் மட்டும் துளி வெள்ளையும் துளி நீலமும், ஏனென்றால் கரிய தோலில் அந்த இடத்தில் வானம் பிரதிபலிக்கும். இப்படி வரைந்து காட்டினால் "கலரா" என்ற பேச்சே எழாது. வெளுக்க வைத்துக் கொடுப்பது அந்த மனிதரை இன்னொரு முறை இழக்க வைப்பது, நான் அதை ஒப்புக்கொள்வதில்லை.

சரி, துக்கத்தோடு வருகிறவர்கள். இந்த உரையில் எனக்கு முக்கியமான பகுதி இதுதான்.

பெரும்பாலும் காரியம் முடிவதற்குள் வருவார்கள். பதினாறாம் நாள் படத்திறப்புக்கு எண்ணெய் வண்ணத்தில் வேண்டும் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். எண்ணெய் வண்ணம் அடுக்கடுக்காகக் காய வேண்டும். அம்பர் என்ற பழுப்பு சீக்கிரம் காயும், அலிசரின் சிவப்பு நாள் எடுக்கும். அதைவிட, அந்தப் பதினாறு நாளில் அவர்களால் எதையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. படத்திறப்புக்கு ஒரு நல்ல புகைப்படத்தைப் பெரிதாக்கி வைக்கச் சொல்லிவிட்டு, ஓவியத்தை முதலாண்டுத் திதிக்கு என்று வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

புகைப்படம் பார்த்து வரைவது மட்டம் என்று ஒரு பேச்சு உண்டு. ரவி வர்மாவும் தம்பி ராஜ ராஜ வர்மாவும் புகைப்படத்தை வைத்தும் உருவப்படங்கள் வரைந்தவர்கள்தான். எத்தனை புகைப்படம், எப்படிப்பட்டவை என்பதுதான் விஷயம். ஒன்று போதாது. வெவ்வேறு வயதில் ஐந்தாறாவது கேட்டு வாங்க வேண்டும். செல்ஃபியில் மூக்கு பெருத்திருக்கும், தூரத்திலிருந்து எடுத்த இன்னொரு படத்தை வைத்துத் திருத்த வேண்டும். ஃப்ளாஷ் போட்டு எடுத்ததில் மூக்குத் தண்டே அழிந்திருக்கும். கல்யாணக் கூட்டத்துப் படத்தில் முகம் சுண்டுவிரல் நக அளவு, எவ்வளவு பெரிதாக்கினாலும் பதியாதது வராது. அதிலிருந்து தோள் சாய்வையும் தலைமுடியையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். செயலியில் போட்டுத் தெளிவாக்கிக் கொண்டுவந்தால் வாங்கவே வேண்டாம். அது யாரோ ஒருவருடைய பல்லையும் இமையையும் ஒட்டிவைத்திருக்கும், மூலப் படத்தைக் கேளுங்கள். சில போன்களில் படம் இடம் வலம் மாறிப் பதிவாகும். சட்டைப் பை இடது மார்பில் இருக்கிறதா, முந்தானை இடது தோளில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வகிடு எடுக்க வேண்டும்.

அவர் போட்ட மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். கிட்டப்பார்வைக் கண்ணாடிக்குள் கண் சற்றுச் சிறுத்துத் தெரியும், கன்னத்தின் விளிம்புக்கோடு உள்ளே தள்ளி விழும். இதைக் கவனிக்காமல் கண்ணை வரைந்து, மேலே ஃபிரேமை மாட்டினால் "இது அவர் இல்ல" என்ற தீர்ப்பு நிச்சயம். கூடப்பிறந்தவரோ மகளோ சாயலில் ஒத்திருந்தால், அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லலாம். காது, கை, தோலின் நிறம் எல்லாம் உயிரோடு கிடைக்கும். அவர்களுக்கும் அது ஆறுதல் என்று சொல்வார்கள்.

எந்த வயது என்பதில் வீட்டுக்குள்ளேயே தகராறு வரும். மனைவி நினைவில் இருப்பவருக்கு முப்பத்தைந்து வயது, பிள்ளைகள் நினைவில் அறுபது. தனித்தனியாகக் கேளுங்கள். "எப்படி இருப்பார்?" என்று கேட்டால் "தங்கமானவர்" என்றுதான் பதில் வரும். வாசலில் ஆள் வந்தால் எப்படி நிமிர்ந்து பார்ப்பார், சிரித்தால் பல் தெரியுமா, எந்தக் கையை எங்கே வைத்து உட்காருவார் என்று கேட்க வேண்டும். முடிவில், படம் யார் அறையில், யார் கண்முன்னே இருக்கப்போகிறதோ அவர் சொல்லும் வயதை எடுத்துக்கொள்ளலாம். நோய் தொடங்குவதற்கு முந்தைய முகம் என்றால் பெரும்பாலும் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். பொட்டு, மூக்குத்தி, தாலி இவற்றை நாமாக முடிவு செய்யவே கூடாது. கணவரை இழந்தபின் பொட்டை விட்ட அம்மாவுக்குப் பொட்டு வைத்து வரையச் சொல்லும் மகன்களும் உண்டு, வேண்டாம் என்பவர்களும் உண்டு.

முதலில் காட்டும்போது இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அழுவார்கள். அழுகையைச் சாயல் வந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சாயல் வராத படத்தைப் பார்த்தும் அழுவார்கள். அடங்கும்வரை காத்திருந்து, "நல்லா இருக்கா?" என்று கேட்காமல் "என்ன வித்தியாசம் தெரியுது?" என்று கேட்க வேண்டும். "முறைக்கிற மாதிரி இருக்கு" என்றால் மேல் இமை கருவிழியைப் போதிய அளவு மூடவில்லை. "வாயை இறுக்கிட்ட மாதிரி இருக்கு" என்றால் உதட்டு நடுக்கோடு முழுக்க ஒரே கருமையில் இருக்கிறது, அதை அங்கங்கே கரைக்க வேண்டும். "எங்கேயோ பார்க்கிறாரு" என்றால் கண்ணின் ஒளிப்புள்ளிகள் இரண்டும் ஒரே பக்கத்தில் இல்லை. "அவர் மாதிரியே இருக்கு, ஆனா அவர் இல்ல" என்றால் இமையையும் உதட்டையும் விட்டுவிட்டு, கண்ணுக்கும் வாய்க்கும் இடையில் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். வாய் ஓரத்தைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது, அங்கே ஒரு முடி அளவு ஏறினால் ஆளே மாறிவிடுவார்.

கடிகாரம் கைகாட்டுகிறது. சேர்ந்து படமே எடுத்துக்கொள்ளாத தம்பதியை ஒரே படத்தில் வரைவது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். இப்போது இவ்வளவுதான். இரண்டு புகைப்படத்திலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வருகிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஒருவருக்கு நிழலை நீங்களே புதிதாகக் கட்ட வேண்டும். உயரத்தை வீட்டாரிடம் கேளுங்கள், வயதைப் பத்தாண்டுக்குள் பொருத்துங்கள்.

படத்தை வாங்கி மாட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எண்ணெய் ஓவியத்துக்கு வார்னிஷ் ஆறு மாதம் முதல் ஓராண்டு கழித்துத்தான் அடிக்க வேண்டும், அதற்காக ஓவியரைக் கட்டாயம் திரும்பக் கூப்பிடுங்கள். சந்தனம் குங்குமம் வைப்பதானால் கேன்வாஸில் வைக்காதீர்கள். ஓவியத்தைத் தொடாதபடி கால் அங்குல இடைவெளி விட்டு முன்னால் கண்ணாடி போடச் சொல்லி, அதன்மேல் வையுங்கள். விளக்கைப் படத்துக்கு நேர் கீழே ஏற்றினால் புகை ஏறும், இரண்டடி தள்ளி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.