வேலியில்லா வயல்கள்: லாக்ஸ்டன் கிராமத்தின் கதை

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்துக் கிராமம் என்றால் காலண்டர்ப் படம்தான் நம் கண்ணில் நிற்கும்: பச்சை வயல்கள், அவற்றைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் உயிர்வேலிகள். நடு இங்கிலாந்தில் அந்த வேலிகள் பலவும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றம் சட்டம் போட்டு நட வைத்தவை. 1604 முதல் 1914 வரை இப்படி 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. அவற்றால் ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கர் அடைபட்டது. அதற்கு முன் ஊரைச் சுற்றி இரண்டு மூன்று பெருவயல்கள்தான் இருக்கும். ஒவ்வொரு குடியானவருக்கும் அந்த வயல்கள் எல்லாவற்றிலும் நீளநீளமான கீற்றுகள் சிதறிக் கிடக்கும். அந்தப் பழைய முறை இன்னும் பெரிய அளவில் நடக்கிற ஊர், நாட்டிங்காம்ஷயர் மாவட்டத்தின் லாக்ஸ்டன்.

அங்கே மண் செங்களிமண். மழை பெய்தால் காலை விடாது. ஏர் பூட்டிய எருதுகளைத் திருப்புவதே பெரும்பாடு என்பதால், ஒருமுறை திருப்பினால் நெடுந்தூரம் உழும்படி கீற்றுகளை நீளமாக அமைத்தார்கள். நீர் வடிவதற்காகச் சரிவை ஒட்டி உழுதார்கள். உழ முடியாத ஈரப் பள்ளங்களைப் புல்லுக்கு விட்டார்கள். அவற்றுக்கு 'சைக்' என்று பெயர்.

ஊரின் வடக்கே புல் மூடிய மண்மேடு ஒன்று இருக்கிறது. பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற நார்மன்கள் எழுப்பிய கோட்டையின் மிச்சம் அது. ஷெர்வுட் காட்டைக் காவல் காத்த பிரபுக்கள் அங்கிருந்துதான் ஆண்டார்கள். கோட்டை போய்விட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது தெரு. பண்ணை வீடுகளெல்லாம் ஊருக்குள்ளேயே, பக்கச்சுவர் தெருவைப் பார்க்க வரிசையாக நிற்கின்றன. மற்ற இடங்களில் வேலி போட்டு நிலத்தை ஒன்றாக்கிய பிறகு, விவசாயிகள் அவரவர் நிலத்தின் நடுவிலேயே வீடு கட்டிக்கொண்டு போனார்கள். இங்கே எல்லா வயலிலும் பங்கு உண்டு. ஊர் நடுவில் இருப்பதுதான் வசதி.

1635இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் அன்றைய உடைமையாளர் சர் வில்லியம் கோர்ட்டனுக்காக இந்த ஊரை அளந்து வரைபடம் தீட்டினார். கீற்றுக் கீற்றாக எல்லாம் அதில் இருக்கிறது. போதாததற்கு ஏர் உழுபவர்களையும் அறுவடை செய்பவர்களையும் குட்டிக் குட்டியாக வரைந்துவைத்திருக்கிறார். ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கும் அதை நிலவரைபடம் என்பதா, ஓவியம் என்பதா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

சுற்றுப்புற ஊர்களெல்லாம் வேலி போட்டபோது லாக்ஸ்டன் தப்பியது எப்படி? பெரும் நிலக்கிழார்களான மேன்வர்ஸ் பிரபுவும் ஸ்கார்பரோ பிரபுவும் ஒத்துப்போகாததுதான் காரணம் என்பார்கள். பெரியவர்கள் சண்டை ஊரைக் காப்பாற்றியது; சின்னச் சண்டைகளை ஊரே பார்த்துக்கொண்டது.

அதற்கென்றே 'கோர்ட் லீட்' என்ற ஊர் நீதிமன்றம் உண்டு. இப்போது மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல் என மூன்று வயல்கள். ஒன்றில் குளிர்கால கோதுமை, அடுத்ததில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவது தரிசு. அதில் இப்போது தீவனப் பயிரும் வைக்கிறார்கள். ஆண்டுதோறும் இந்த வரிசை சுழலும். நவம்பர் கடைசியில் ஜூரிகள், அதாவது நீதிமன்றத்துக்காக ஊராரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், டிராக்டர் டிரெய்லரில் ஏறிக் கோதுமை வயலுக்குப் போவார்கள். கீற்றுக்கும் கீற்றுக்கும் இடையே வேலி இல்லை. ஒரு சால்தான் எல்லை. பக்கத்துக்காரர் ஒரு சால் தள்ளி உழுதாரா, பொதுப் பாதையைக் கொத்தினாரா, சைக் புல்லில் கலப்பை பட்டதா என்று பார்ப்பார்கள். எல்லை மங்கிய இடத்தில் புதிய முளையைச் சம்மட்டியால் அடித்து இறக்குவார்கள். ஒரு வாரம் கழித்து டவ்காட் இன் என்ற மதுவிடுதியில் நீதிமன்றம் கூடி அபராதம் விதிக்கும். தொகை சொற்பம்தான். ஆனால் எல்லை மீறியவர் யார் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடுமே!

இது வெறும் சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1977இல் இத்தகைய பழைய நீதிமன்றங்களின் அதிகாரத்தைப் பறித்த சட்டம், லாக்ஸ்டனுக்கு விலக்கு அளித்தது.

உடைமை மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கிறது. 1952இல் மேன்வர்ஸ் பிரபு ஊரை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றார். 1981இல் அது பிரிட்டிஷ் மணிமுடியின் சொத்துகளை நிர்வகிக்கும் அரச எஸ்டேட்டுக்குப் போனது. 2020இல் மேன்வர்ஸ் வழிவந்த தோரஸ்பி எஸ்டேட் அதைத் திரும்ப வாங்கியது. உழுபவர்கள் குத்தகைதாரர்களாகவே தொடர்கிறார்கள்.

அங்கே போக வாய்ப்புக் கிடைப்பவர்கள் கோட்டை மேட்டோடு திரும்பிவிட வேண்டாம். வயல்களுக்கு நடைபாதை உண்டு. மதுவிடுதியின் அருகிலேயே சிறு காட்சியகமும் இருக்கிறது. மழைக்காலமானால் முழங்கால் உயர ரப்பர் காலணி அவசியம்.

வணக்கம்.