ராயக்கோட்டை மலை ஏன் ஊட்டி மாதிரி வருகிறது? ஒரு தம்பியின் சந்தேகம்

சரி, அடுத்த கேள்வி. ராயக்கோட்டையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாராம். அப்படியே படிக்கிறேன். "அண்ணா, எங்கள் ஊர் மலையை வாட்டர் கலரில் நாலு தடவை வரைந்துவிட்டேன். யாரிடம் காட்டினாலும் இது ஊட்டியா, கொடைக்கானலா என்று கேட்கிறார்கள். பாட்டி மட்டும்தான் நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் அவரும் இது எந்த மலைடா என்று கேட்டுவிட்டார். எங்கே தப்பு செய்கிறேன்? விலை அதிகமான கலர் வாங்க வேண்டுமா? போட்டோ பார்த்து வரைவது தவறா?" நாலு படங்களையும் போனில் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓவியக் கல்லூரிப் பக்கம் போனவன் இல்லை. கிருஷ்ணகிரியில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வரைகிறேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்வது நானே கெடுத்த பேப்பர்களில் இருந்து தெரிந்துகொண்டது.

உங்கள் படங்களில் கை நன்றாக இருக்கிறது. வாஷ், அதாவது தண்ணீராகக் கலக்கிய பூச்சு, நன்றாக ஓடியிருக்கிறது, பயம் இல்லை. ஆனால் நாலு படத்திலும் மலை முக்கோணமாக இருக்கிறது, அடியில் இருந்து உச்சி வரை பச்சை. ராயக்கோட்டை மலையில் பச்சை எங்கே இருக்கிறது? அடிவாரத்தில் இருக்கிறது, பாறை இடுக்கில் புதர் இருக்கிறது, மழை முடிந்த இரண்டு மாதம் கொஞ்சம் புல் இருக்கிறது. மற்றபடி அது ஒற்றைப் பாறை. நீங்கள் தினமும் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்க்கிற மலை அது. ஆனால் பிரஷ்ஷை எடுத்ததும் கை காலண்டர் மலைக்குப் போய்விடுகிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் இரண்டு வருஷம் கிருஷ்ணகிரிக் கோட்டை மலையை அப்படித்தான் வரைந்தேன். வீடியோவில் வரைந்து காட்டுகிறவர்கள் பெரும்பாலும் மழை நிறையப் பெய்கிற குளிர் நாட்டுக்காரர்கள். அவர்கள் ஊருக்கு அந்தப் பச்சை சரி. நாம் அவர்கள் கலவையை அப்படியே கொண்டுவந்து பாரமகால், அதாவது நம் கிருஷ்ணகிரிச் சீமையின் பழைய பெயர், அந்தப் பாறை மேல் பூசுகிறோம்.

எனக்குக் கண் திறந்தது எப்படி என்று சொல்கிறேன். கடையில் ஒரு படத்தை மாட்டி வைத்திருந்தேன். கல் பாலிஷ் போடுகிற யூனிட்டில் வேலை பார்க்கும் ஒருவர் வண்டிக்கு பிரேக் ஷூ வாங்க வந்தார். படத்தைப் பார்த்துவிட்டு, "கல்லுக்கு சிமெண்ட் கலர் அடிச்சிருக்கீங்க, எந்தக் கல்லுங்க சிமெண்ட் மாதிரி இருக்குது?" என்றார். எனக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. மறுவாரம் அவரே உள்ளங்கை அளவில் நாலு துண்டு கல் கொண்டுவந்து மேசையில் போட்டு, தண்ணீர் தெளித்துக் காட்டினார். ஒன்றில் ரோஸ். ஒன்றில் ஊதா ஓடுகிறது. பாரடைசோ என்று பெயர் வைத்து வெளிநாட்டுக்கு விற்கிறார்களே, ஊதாவும் ரோஸும் சுழித்துக்கொண்டு போகிற கல், அது நம் பக்கத்துக் கல்தான். காய்ந்தபோது நாலும் ஏறக்குறைய ஒரே மங்கல் நிறம். நனைந்ததும் நாலு வேறு கல். அந்தத் துண்டுகள் இன்னும் என் பெயின்ட் டப்பாவில்தான் இருக்கின்றன.

அதனால் பாறைக்குக் கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பல் செய்யாதீர்கள். அது செத்த நிறம். நான் செய்வது இதுதான். முதலில் யெல்லோ ஓக்கர் என்கிற மண் மஞ்சளில் துளி லைட் ரெட் என்கிற செங்கல் சிவப்பு கலந்து, நிறையத் தண்ணீர் விட்டு, பாறை முழுக்க ஒரு மெல்லிய பூச்சு. வெயில் நேராக விழுகிற இடத்தில் அதையும் பூசாமல் வெறும் பேப்பராக விட்டுவிடுவேன். காய்ந்த பிறகு நிழல் பக்கத்துக்கு அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும். இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு சாம்பல் வரும். நீலம் கூடினால் குளிர்ந்த நிழல், சியன்னா கூடினால் சூடான பாறை. ஒரே பாறைக்குள் இரண்டையும் மாற்றி மாற்றி விடலாம். அப்புறம் கடைசியாக அந்தக் கறுப்புக் கோடுகள். மழைத் தண்ணீர் வழிகிற தடத்தில் பாசி மாதிரி நுண்ணுயிர்கள் படர்ந்து கறுத்துப்போன பட்டைகள், மேலிருந்து கீழாக. ராயக்கோட்டை மலையில் அவை இல்லாத பக்கமே கிடையாது. உங்கள் நாலு படத்திலும் ஒரு கோடுகூட இல்லை, தம்பி! அதே நீலம், சியன்னா கலவையைக் கெட்டியாக எடுத்து, பூச்சு முழுசாகக் காய்வதற்குள் இழுத்துவிடுங்கள். ஓரம் லேசாகக் கசியும். கசியட்டும்.

வடிவமும் அப்படித்தான். நம் பாறை மலைகள் கூராக முடிவதில்லை. வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக உரிந்து உரிந்து உருண்டையானவை. விரிசலைக் கவனித்தால் அந்த வளைவை ஒட்டியே போகும். முக்கோணம் போட்டு உள்ளே குறுக்கும் நெடுக்கும் கோடு இழுத்தால் அது இமயமலை. உருண்டையாக ஆரம்பித்து, உரிந்த இடத்தில் மட்டும் ஒரு நிழல் விளிம்பு கொடுங்கள். மேலே தனியாக உட்கார்ந்திருக்கும் குண்டுக் கற்களை விட்டுவிடாதீர்கள். ஊர்க்காரர்கள் மலையை அடையாளம் காண்பது அந்தக் கற்களை வைத்துத்தான்.

உங்கள் மலைக்கு ஒரு பழைய கதையும் இருக்கிறது. 1792இல் திப்பு சுல்தானோடு ஒப்பந்தம் ஆகி பாரமகால் கம்பெனி கைக்குப் போனது. அதே வருஷம் தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்று இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள் சென்னையில் இருந்து கிளம்பி இந்தப் பக்கம் வந்தார்கள். ராயக்கோட்டை, ஓசூர், ஜெகதேவி, வீரபத்திரதுர்க்கம் எல்லாவற்றையும் வரைந்துகொண்டு போய், பின்னால் லண்டனில் அச்சுப் படங்களாகப் போட்டார்கள். இணையத்தில் தேடினால் கிடைக்கும், பாருங்கள். எனக்குத் தோன்றுவது, மலையைக் கொஞ்சம் நிமிர்த்தித்தான் வைத்திருக்கிறார்கள், பார்க்கிறவர் மிரளட்டும் என்று. ஆனால் நிறத்தில் ஏமாற்றவில்லை. மண்ணின் பழுப்பும் வெளிறிய வானமும்தான் முன்னால் நிற்கின்றன. கப்பலில் வந்தவருக்குத் தெரிந்த நிறம், கீழேயே குடியிருக்கிற நமக்குத் தெரியவில்லை என்றால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, இல்லையா?

அவர்களுக்கும் முந்தி வரைந்தவர்கள் இருக்கிறார்கள். பர்கூர் பக்கம் மல்லபாடியில் பாறை ஓவியம் இருக்கிறது, குதிரை மேல் ஆட்கள், வெள்ளை நிறத்தில். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிடைத்த பாறை ஓவியங்களில் பெரும்பாலும் வெள்ளைதான். கறுத்த பாறையில் வெள்ளை எடுப்பாகத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இதை வைத்து ஒரு பயிற்சி சொல்கிறேன், செலவே இல்லை. பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடுகிற காக்கி பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கரித்துண்டு, ஒரு வெள்ளை போஸ்டர் கலர். காக்கிதான் பாறையின் நடு நிறம், அதைத் தொடாதீர்கள். நிழலுக்குக் கரி, வெயிலுக்கு வெள்ளை, மீதி எல்லாம் பேப்பரே. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மலையைப் பாருங்கள். இண்டு இடுக்கு எல்லாம் மறைந்து மூன்றே மூன்று துண்டாகத் தெரியும். ஒரு பத்துத் தடவை இப்படி வரைந்துவிட்டு வாட்டர் கலருக்கு வந்தால், எந்த இடத்தில் பேப்பரை வெள்ளையாக விட வேண்டும் என்று யாரையும் கேட்க மாட்டீர்கள்.

பச்சையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாந்தோப்பு இல்லாமல் நம் ஊர் ஏது? ஆனால் ட்யூபில் இருந்து வருகிற சாப் கிரீனை அப்படியே பூசினால் அது மாமரம் ஆகாது. மாமரப் பச்சை இருட்டுப் பச்சை. உச்சி வெயிலில் தூரத்தில் இருந்து பார்த்தால் கறுப்புக் குடை விரித்து வைத்த மாதிரி இருக்கும். சாப் கிரீனில் கொஞ்சம் பர்ன்ட் சியன்னாவும் நீலமும் விடுங்கள். கொழுந்து விடும்போது செம்பு நிறம் வரும், பூக்கும் காலத்தில் உச்சியில் மஞ்சளும் பழுப்பும் தூவின மாதிரி இருக்கும். புளியமரம் வேறு பச்சை, மெல்லியது, கீழே அடிமரம் கன்னங்கரேல் என்று இருக்கும். யெல்லோ ஓக்கரில் நீலம் கலந்தால் வருகிற அழுக்குப் பச்சை இருக்கிறதே, அதுதான் நம் புதர்களுக்கும் காய்ந்த கொல்லைகளுக்கும் சரியாக உட்காரும்.

பின்னால் இருக்கும் மலைகளையும் முன் மலை அளவுக்கு அழுத்தமாகப் பூசியிருக்கிறீர்கள். தூரத்து மலைக்கு நீலத்தில் துளி சியன்னா, நிறையத் தண்ணீர், ஒரே பூச்சு, உள்ளே எதுவும் வரையக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து காற்று கழுவின மறுநாள் அந்த மலைகள் கிட்ட வந்து நிற்கும், ஓரம் கத்தி மாதிரி தெரியும். சித்திரையில் அதே மலை புகை மாதிரி வெளுத்துப்போய், வானம் எது மலை எது என்று தெரியாது. வானத்தையும் அடர் நீலமாக அடித்திருக்கிறீர்கள். வெயில் காலத்தில் மலைக்குப் பின்னால் இருக்கும் வானம் கிட்டத்தட்ட வெள்ளை.

கலர் விலை பற்றிக் கேட்டீர்கள். மாணவர்களுக்கென்று விற்கிற ட்யூபே போதும். நான் இதுவரை சொன்ன நிறங்களுக்கு மேல் வாங்க வேண்டாம். காசு இருந்தால் பேப்பரில் போடுங்கள், 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பரின் கிராம் எடை) காட்டன் பேப்பர். சார்ட் பேப்பரில் தண்ணீர் விட்டால் அப்பளமாகிவிடும்.

போட்டோ பார்த்து வரையலாம், தவறே இல்லை. ஒன்றே ஒன்று, போன் கேமரா அகலமாகப் பிடிப்பதால் மலை சுண்டைக்காயாகிவிடும். அதைச் சரிக்கட்ட நாம் இஷ்டத்துக்குப் பெரிதாக்குவோம், முக்கோணம் அங்கேதான் பிறக்கிறது. ஒரு தடவையாவது நேரில் நின்று, கையை நீட்டி, பென்சிலைப் பிடித்து, மலை எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வீட்டில் உட்கார்ந்து போட்டோ பார்த்துக்கொள்ளலாம்.

நேரில் வரையப் போனால் காலை ஒன்பது மணிக்குள் முடியுங்கள், இல்லை சாயங்காலம் நாலரைக்கு மேல் உட்காருங்கள். அப்போதுதான் பாறையில் நிழல் இருக்கும். ஒரு மே மாதம் பதினோரு மணிக்கு கேஆர்பி அணைக்கரையில் உட்கார்ந்து தென்பெண்ணைத் தண்ணீரை வரைய ஆரம்பித்தேன். பிரஷ் இந்த ஓரத்தில் இருந்து அந்த ஓரம் போவதற்குள் இந்த ஓரம் காய்ந்துவிட்டது. தண்ணீர் முழுக்க வரி வரியாக நின்றது. ஒரு பெண் குழந்தை எட்டிப் பார்த்து "படிக்கட்டா மாமா?" என்று கேட்டாள். இப்போது வெயில் காலத்தில் கலக்குகிற தண்ணீரில் இரண்டு சொட்டு கிளிசரின் விடுகிறேன், காய்வது கொஞ்சம் தாமதமாகும். ஒகேனக்கல்லில் இதற்கு நேர் எதிர், சாரலில் பேப்பர் காயவே காயாது. அங்கே பென்சிலோடு போய், கலரை வீட்டில் போடுங்கள். குரங்குத் தொல்லை வேறு.

இன்னொன்று, இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். உங்கள் ஊர் செம்மண்ணிலேயே கலர் செய்யலாம். மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு இரண்டு கை மண் அள்ளி, வாளித் தண்ணீரில் கரைத்துக் கலக்குங்கள். மணல் அடியில் இறங்க ஒரு நிமிஷம் விட்டு, மேலே நிற்கிற செந்தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்துவிடுங்கள். காலையில் தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டால் அடியில் வெண்ணெய் மாதிரி வண்டல் இருக்கும். அதைக் காயவைத்து, வேட்டித் துணியில் சலித்து எடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் வாங்கி, வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டி, இரண்டு சொட்டுத் தேன் சேர்த்து அந்த மண்ணோடு நன்றாக அரையுங்கள். தேன் விட்டால் காய்ந்தபின் வெடிக்காது. அரைப்பதற்கு டைல்ஸ் துண்டின் சொரசொரப்பான பக்கம் போதும். வீட்டு அம்மியில் அரைத்து நான் வாங்கிய பேச்சை நீங்களும் வாங்க வேண்டாம். செம்மண்ணுக்கு நிறம் கொடுப்பது இரும்புத் துரு, அதனால் வெயிலில் வைத்தாலும் சீக்கிரம் வெளுக்காது. என்னிடம் ஏழு ஊர் மண் சின்னச் சின்ன பாட்டிலில் இருக்கிறது. ஒன்றோடு ஒன்று ஒத்துப்போவதில்லை. ராயக்கோட்டை மண் இன்னும் என்னிடம் இல்லை, கிருஷ்ணகிரிப் பக்கம் வந்தால் ஒரு பொட்டலம் கொண்டுவாருங்கள், பிரஷ் ஒன்று தருகிறேன்.

ஐந்தாவது படத்தை வரைந்ததும் யாரிடமும் எந்த மலை என்று சொல்லாமல் பாட்டியிடம் முதலில் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள். சரி, அடுத்து அரூரில் இருந்து ஓர் அம்மா, தீர்த்தமலையை ஆயில் பேஸ்டலில் வரைவது பற்றிக் கேட்டிருக்கிறார்.