யாருமே எடுக்காத போன் காலுக்கு எப்படிக் காசு பிடிக்கிறார்கள்?

[திரையில்: ஒரு மொபைல் பில். ஒரே ஒரு வரி மட்டும் மஞ்சள் நிறத்தில்]

வணக்கம். இந்த வரியைப் பாருங்கள். ஒரு நம்பர், ஒரு நேரம், ஏழு விநாடி, பக்கத்தில் ஒரு தொகை. அந்த நம்பருக்கு நீங்கள் அடித்தது உண்மைதான், ஆனால் அங்கே யாரும் எடுக்கவே இல்லை. கஸ்டமர் கேரில் கேட்டால் "எங்கள் சிஸ்டத்தில் கால் கனெக்ட் ஆனதாகத்தான் காட்டுகிறது" என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். சத்தம் போட்டுப் பயனில்லை. பெரும்பாலும் அவரும் பொய் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

நெட்வொர்க்குக்கு மனிதக் குரல் தெரியாது, சிக்னல்தான் தெரியும். வோல்டி (VoLTE, அதாவது 4G நெட்வொர்க் வழியாகவே போகும்) கால்களில் மறுமுனையிலிருந்து 180 என்ற குறியீடு வந்தால் மணி அடிக்கிறது, 200 வந்தால் எடுத்தாயிற்று. அந்த 200 வந்த நொடியில் மீட்டர் ஓட ஆரம்பிக்கும். உங்கள் காதில் கேட்கும் ரிங் சத்தமோ காலர் ட்யூன் பாட்டோ கணக்கிலேயே வராது, எத்தனை நேரம் கேட்டாலும் சரி. ஆகவே கேள்வி 'யார் எடுத்தார்கள்' என்பது இல்லை, அந்தச் சிக்னலை அனுப்பியது எது என்பதுதான்.

அடிக்கடி மாட்டுவது வாய்ஸ்மெயில், அதாவது ஆள் எடுக்காதபோது குரல் செய்தியைப் பதிவு செய்யும் சேவை. மணி அடித்து ஓய்ந்ததும் அது எடுத்துக்கொள்ளும், நீங்கள் "அடடா" என்று கட் செய்வதற்குள் சில விநாடி ஓடியிருக்கும், உங்கள் பிளானில் நிமிடக் கணக்கு என்றால் அந்தச் சில விநாடிக்கு முழு நிமிடக் காசு. அலுவலக நம்பர்களில் இயந்திரம் முதலில் எடுத்துவிட்டு, அதற்கப்புறம் உள்ளே இருக்கும் போனுக்கு மணி அடிக்கும். உங்களுக்கு அது சாதாரண ரிங் போலத்தான் கேட்கும்.

அப்புறம் ரோமிங். இதில்தான் பலருக்கும் தலை சுற்றும், ஏனென்றால் இங்கே கால் வந்தது உங்களுக்கு, எடுக்காமல் விட்டதும் நீங்கள், காசு போனதும் உங்களுக்கு!

[திரையில்: இரண்டு நாடுகள். ஒரு கோடு போகிறது, அதே கோடு திரும்பி வருகிறது]

வெளிநாட்டில் போனை ஆன் செய்து வைத்திருக்கிறீர்கள். ஊரிலிருந்து யாரோ அடிக்கிறார்கள். உங்கள் கம்பெனி அந்தக் காலை நீங்கள் இருக்கும் நாட்டுக்கு அனுப்புகிறது, மணி அடிக்கிறது, நீங்கள் எடுக்கவில்லை. வாய்ஸ்மெயில் இருப்பதோ சொந்த நாட்டில். அதனால் நீங்கள் இருக்கும் நாட்டின் நெட்வொர்க் காலைத் திருப்பி அனுப்புகிறது. ஆக ஒரே காலுக்கு இரண்டு சர்வதேசப் பயணம், பல கம்பெனிகளில் இரண்டும் உங்கள் கணக்கில். சிவப்புப் பட்டனை அழுத்திக் கட் செய்தாலும் இதே கதைதான், அது 'பிஸி' என்று திரும்பும். போனை அணைத்திருந்தால் உங்கள் கம்பெனிக்கே அது தெரியும், கால் ஊரிலேயே வாய்ஸ்மெயிலுக்குப் போய்விடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதைப் பற்றிச் சட்டமே வந்தது: 2010 ஜூலை 1 முதல், அந்த நாடுகளுக்குள் ரோமிங்கில் இருப்பவருக்கு வாய்ஸ்மெயில் வந்து விழுவதற்குக் காசு வாங்கக் கூடாது.

[திரையில்: *#61#, *#62#, *#67#, ##004#]

இவை நம்பர் போல டயல் செய்யும் குறியீடுகள். முதல் மூன்றும் பார்ப்பதற்கு: எடுக்காதபோது, தொடர்பில் இல்லாதபோது, பிஸியாக இருக்கும்போது உங்கள் கால் எங்கே போகிறது என்று காட்டும். கடைசியில் இருப்பது இந்த மூன்றையும் ரத்து செய்யும். பொதுவான குறியீடுகள்தான், ஆனால் சில கம்பெனிகளில் வேலை செய்யாது. பயணம் கிளம்பும் முன்பே செய்துவிடுங்கள். ஒன்று மட்டும், முன்பின் தெரியாத ஆள் போனில் சொல்லும் குறியீட்டை எப்போதும் அடிக்காதீர்கள். *21* என்று தொடங்கும் ஒரு குறியீடு உங்கள் எல்லாக் கால்களையும் அடுத்தவருக்குத் திருப்பிவிடும்.

இனி சுத்த ஏமாற்று. சில சர்வதேசக் கால்கள் இடைத்தரகர்கள் வழியாகப் போகும். அதில் ஒருவர் 200-ஐத் தானே அனுப்பிவிட்டு, உங்கள் காதில் ரிங் சத்தத்தின் பதிவை ஓடவிடுவார். மீட்டர் ஓடும், அந்தப் பக்கம் போனே அடிக்காது. கண்டுபிடிக்க ஒரு வழி: காதில் வைக்காமல் ஸ்பீக்கரில் போட்டுத் திரையைப் பாருங்கள். ரிங் கேட்டுக்கொண்டிருக்கும்போதே 00:01, 00:02 என்று நேரம் ஓடினால், இன்னொரு போனில் அதை வீடியோ எடுத்து வையுங்கள். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ஒரே ரிங்கில் கட் ஆகும் வெளிநாட்டு மிஸ்டு கால் வேறு ரகம், அதில் திருப்பி அடித்தால்தான் காசு போகும், அடிக்காமல் விட்டால் போதும்.

சரி, புகார். கால் லாக்கில் அந்தக் காலைத் திறந்து, நேரமும் கால அளவும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பழைய லாக் தானாகவே அழிந்துவிடும், அதனால் இன்றைக்கே. நீங்கள் அடித்த காலுக்கு அதில் பூஜ்யம், பில்லில் ஏழு விநாடி என்றால் உங்கள் கை ஓங்கிவிட்டது. ரோமிங் கால் என்றால் பில்லில் இருப்பது அந்த நாட்டு நேரமாக இருக்கலாம், ஒப்பிடும்போது குழம்ப வேண்டாம்.

அப்புறம் எழுத்தில் கேளுங்கள், செயலியிலோ மின்னஞ்சலிலோ. 'யாரும் எடுக்கவில்லை' என்று எழுதினால் பழைய பதில்தான் வரும். இப்படி எழுதுங்கள்:

"இந்தத் தேதியில், இந்த நம்பருக்கான காலின் முழுப் பதிவை அனுப்புங்கள். ஆன்சர் சிக்னல் எத்தனை மணிக்கு வந்தது, கால் எந்த நம்பருக்காவது திருப்பிவிடப்பட்டதா, எந்தக் கட்டண விகிதத்தில் கணக்கிட்டீர்கள் என்று தெரிவியுங்கள். இந்தத் தொகையை நான் ஏற்கவில்லை."

கால் திருப்பிவிடப்பட்டதா என்ற அந்தக் கேள்விக்குப் பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்ல முடியாது, யாராவது பதிவைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். புகார் எண் வாங்காமல் விடாதீர்கள்.

போஸ்ட்பெய்டு என்றால் கோபத்தில் முழு பில்லையும் நிறுத்தி வைக்காதீர்கள், சிம்மையே முடக்கிவிடுவார்கள். சண்டையில் இருக்கும் தொகையைப் பற்றி எழுதிக் கொடுத்துவிட்டு மீதியைக் கட்டுங்கள். அவர்கள் மறுத்தால் மேல்முறையீடு, அதற்கும் மேலே உங்கள் நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்போ குறைதீர்ப்பாளரோ. அங்கே போனால் முதலில் கேட்பது கம்பெனியின் பதிலையும் புகார் எண்ணையும்தான்.

பணம் திரும்புகிறது என்று சொன்னாலும் பெரும்பாலும் கையில் வராது, அடுத்த பில்லில் கழிவாக ஒரு வரி வரும். அந்த வரி வரும்வரை ஸ்க்ரீன்ஷாட்டை அழிக்காதீர்கள்.