அணியின் பெயர் மட்டும் போதுமா?

அவையோருக்கு வணக்கம்.

நாலு வரியைக் கொடுத்து, ‘இதில் பயின்று வரும் அணி யாது?’ என்று தேர்வில் கேட்பார்கள். ‘போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’ என்று பார்த்ததும் நம் பிள்ளைகள் தற்குறிப்பேற்ற அணி, அதாவது இயல்பாக நடப்பதன் மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது, என்று எழுதிவிடுவார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையை நெருங்கும் அந்த இடத்தில் இளங்கோ அதை ஏன் வைத்தார்? மதுரையில் தனக்கு என்ன நேரப்போகிறது என்று கோவலனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். மதிற்கொடி ‘வராதே’ என்பது நமக்குக் கேட்கிறது, அவனுக்குக் கேட்கவில்லை. அந்த அணி செய்கிற வேலை இது. இதை வகுப்பில் யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

சரி, அதே சிலம்பில் வழக்குரை காதைக்கு வருவோம். அரசியின் சிலம்பைத் திருடியவன் என்று கோவலனைக் கொன்றுவிட்டார்கள்; அவன் மனைவி கண்ணகி நீதி கேட்டு அரசன் முன் நிற்கிறாள். ‘நீர்வார் கண்ணை எம்முன் வந்தோய், யாரையோ நீ’ என்கிறான் பாண்டியன். கண்ணீர் வழியும் கண்ணோடு என் முன் வந்தவளே, நீ யார் என்று கேட்கிறான். யாரென்று கேட்டால் பெயரைச் சொன்னால் போதும். கண்ணகி சொல்லவில்லை. ‘தேரா மன்னா’ என்று தொடங்குகிறாள். ஆராயாத அரசனே! குற்றச்சாட்டு முதல் இரண்டு சொல்லிலேயே முடிந்துவிட்டது. அப்புறம் தன் ஊர் அரசர் இருவரைச் சொல்கிறாள். ஒருவன் புறாவின் துயர் தீர்த்தவன். மற்றவன் கன்றை இழந்த பசுவுக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டவன். கேட்பதற்கு ஊர்ப்பெருமை போல இருக்கும். உண்மையில் அவள் அரசன் முன் ஒரு அளவுகோலை வைக்கிறாள். ‘நீ அப்படி இல்லை’ என்று சொல்லவே இல்லை. அந்த மிச்சத்தை அவனே நிரப்பிக்கொள்ள வேண்டும். ‘கண்ணகி என்பதென் பெயரே’ என்பது பேச்சின் கடைசியில்தான் வருகிறது.

நடுவில் இரண்டு வரிகள்:

‘வாயிற் கடைமணி நடுநா நடுங்க
ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சுசுட’

முதல் கடைமணி அரண்மனை வாசலில் தொங்குவது, அடுத்தது பசுவின் கண்ணின் கடைமணி. ஒரே சொல் வேறு பொருளில் திரும்ப வருவதால் சொல் பின்வருநிலை என்று பெயர் எழுதலாம், சரிதான். ஆனால் கொஞ்சம் நின்று பாருங்கள். வாய் பேசாத ஒரு மாட்டின் கண்ணீர் அங்கே ஓர் அரசனின் நெஞ்சைச் சுட்டது. இங்கே கண்ணீரோடு நிற்பவளைப் பார்த்து ‘நீர்வார் கண்ணை’ என்று சொன்னவனே இந்த அரசன்தான். தன் கண்ணீரைப் பற்றி அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. பசுவின் கண்ணீரைச் சொன்னாள், அவ்வளவுதான். இதைவிட நுட்பமான வாதத்தை நான் படித்ததில்லை.

அரசனின் பதிலையும் கவனியுங்கள்: ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று.’ கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது என்கிறான். அந்தக் காலத்து நீதிப்படி இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கோவலன் கள்வனா என்பதுதானே வழக்கு? அதை முடிந்த விஷயமாக ஒரே சொல்லில் உள்ளே நுழைத்துவிடுகிறான். ‘சமூக விரோதிகள் மீதுதான் நடவடிக்கை எடுத்தோம்’ என்று செய்தியில் படிக்கும்போதும் இதே வேலைதான் நடக்கிறது. யார் சமூக விரோதி, அதை முடிவு செய்தது யார் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்கு அடியில் போய்விடுகிறது.

கண்ணகி அந்தச் சொல்லோடு மல்லுக்கு நிற்கவில்லை. ‘என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே’, அதாவது என் சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் மாணிக்கம் என்று, உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் ஒரு சான்றை வைத்தாள். ‘யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே’ என்று, தங்கள் சிலம்பின் பரல் முத்து என்பதை அரசனும் ஒப்புக்கொண்டான். சிலம்பு உடைந்து மணி தெறித்ததும், கோவலன் மேல் போட்ட அதே சொல்லைத் தன் மேல் போட்டுக்கொள்கிறான்: ‘யானோ அரசன், யானே கள்வன்.’