நாற்காலி கொடுத்தோம், வழி கொடுத்தோமா?

தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, நன்கொடை வழங்கிய பெரியோர்களே, ஒவ்வொருவருக்கும் பொறுமையாக அளவெடுத்த பிசியோதெரபிஸ்ட் அம்மா அவர்களே, மைக் செட் தம்பிகளே, வரவேற்புரையில் பெயர் விட்டுப்போனதால் வருத்தத்தில் இருக்கும் பொருளாளர் அவர்களே (இப்போது சொல்லிவிட்டேன், சரியா?), எல்லாருக்கும் மேலாக இன்று சக்கர நாற்காலி பெற வந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

மூன்று விஷயம் பேசப் போகிறேன். நாற்காலியின் அளவு ஒன்று, பழுது பார்ப்பது இரண்டு, சாய்தளம் மூன்று.

இருக்கை இடுப்பைவிட ரொம்ப அகலமாக இருந்தால் ஆள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவார். சக்கரத்தை எட்டி எட்டித் தள்ளித் தோள்பட்டை போய்விடும். மெத்தை சரியில்லாவிட்டால் இன்னும் ஆபத்து. தண்டுவடத்தில் அடிபட்டு உணர்ச்சி இழந்தவருக்குப் புண் வருவதே தெரியாது, வலிக்காதே! உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டி, சக்கர நாற்காலி வழங்க எட்டுக் கட்டங்களைச் சொல்கிறது. அளவெடுப்பது, பொருத்திப் பார்ப்பது, ஓட்டப் பழக்குவது, பிறகு பராமரிப்பது எல்லாம் அதில் உண்டு. போட்டோ எடுப்பது அந்த எட்டில் இல்லை.

‘யானையை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்தானாம்’ என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். அவர் யாரை நினைத்துச் சொன்னாரோ, எனக்கு நம் விழாக்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

சில வருஷத்துக்கு முன் ஒரு விழா. ஏற்பாட்டாளர்களில் நானும் ஒருவன், ஆகவே பழியில் எனக்கும் பங்கு உண்டு. ஒரு தம்பி, புது நாற்காலியில் கீழே உட்கார்ந்திருக்கிறார். பெயரை அழைத்தோம். மேடைக்கு ஆறு படி. நாலு பேர் ஓடிப்போய்த் தூக்கினார்கள். ஒருவர் “முன்னால தூக்கு” என்கிறார், இன்னொருவர் “பின்னால இறக்கு” என்கிறார். மூன்றாமவர் கைப்பிடியைப் பிடித்துத் தூக்க, அது கழற்றி மாட்டும் கைப்பிடி, அவர் கையோடு வந்துவிட்டது! நல்லவேளை, தம்பி விழவில்லை. மேலே போனார், கைதட்டல், மாலை, போட்டோ. சரி, விழா முடிந்தது. தூக்கின நாலு பேரும் சாப்பிடப் போய்விட்டார்கள், நானும்தான். கடைசியில் ஒயரைச் சுருட்ட வந்த மைக் செட்காரர் பார்த்துவிட்டுக் கேட்டாராம், “என்ன தம்பி, இன்னும் யாராவது பேசணுமா?” அவர் சொன்னார்: “பேச்செல்லாம் முடிஞ்சுதுண்ணே. இறங்கத்தான் வழி இல்ல.”

அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதைதான் இது.

இரண்டாவது விஷயம், பழுது. டியூப், பிரேக், முன்சக்கரத்து பேரிங்… இதைப் பொருளாளர் நன்றியுரையில் சொல்வார், நான் சாய்தளத்துக்கு வருகிறேன்.

மடக்கும் சக்கர நாற்காலியை 1933-இல் உருவாக்கிய இருவரில் ஒருவரான ஹெர்பர்ட் எவரெஸ்ட், சுரங்க விபத்தில் கால் செயலிழந்த பொறியாளர். காரில் ஏற்ற முடியாத கனமான நாற்காலியோடு அல்லாடியவர். அவர் நாற்காலியை மடக்கினார். நாம் படியை மடக்க முடியாது, பக்கத்தில் சரிவு கட்டலாம். கணக்கு எளிது: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அரையடிப் படி மூன்று இருந்தால் பதினெட்டு அடி. “இடம் இல்லை” என்று நாலடியில் செங்குத்தாகச் சிமெண்ட் பூசிவிட்டுச் சாய்தளம் என்று பெயர் வைக்கிறார்கள். அதில் ஏறினால் நாற்காலி பின்பக்கம் கவிழும். சரிவின் அடியில் பைக்கை நிறுத்துகிறவர்களைப் பற்றி நான் பேசினால் தலைவர் கோபிப்பார்.

ஆகவே நன்கொடையாளர்களே, அடுத்த வருஷம் பத்து நாற்காலி தருவதாக இருந்தால் எட்டாகத் தாருங்கள். மீதிப் பணத்தில் எட்டு வீட்டு வாசலையும் பார்ப்போம். இதற்காக என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. யானையை வாங்கிவிட்டோம் ஐயா, அங்குசத்துக்கு ஏன் கணக்கு?

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், முடித்துவிடுகிறேன். இந்த மண்டப வாசலில் நாலு படி இருக்கிறது, வரும்போதே எண்ணிவிட்டேன். அளவு நாடா என் பையில் இருக்கிறது. கூட்டத்தில் கொத்தனார் யாராவது இருந்தால், சாப்பிடப் போகாமல் கொஞ்சம் நில்லுங்கள்.