7 கிலோவுக்கு ஒரு மாத்திரை, 8 கிலோவுக்கு ரெண்டு! குழந்தைகளுக்கான டிபி மருந்து எங்கே தவறுது?

(திரையில் பெரிசா ரெண்டு எண்: 44, 1)

இந்த ரெண்டு எண்ணையும் பாருங்க. டிபிக்கு மருந்தே இல்லாத காலத்துல, நோய் வந்த 5 வயசுக்குட்பட்ட குழந்தைங்க 100 பேர்ல சுமார் 44 பேர் இறந்தாங்க. இன்னிக்கு மருந்து சாப்பிடுற 15 வயசுக்குட்பட்ட பிள்ளைங்கள்ல 100-க்கு ஒருத்தர் அளவுதான். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு இது. இவ்வளவு நல்லா வேலை செய்யுற மருந்து இருந்தும் சில குழந்தைங்களுக்கு ஏன் இழுத்துக்கிட்டே போகுது? பல நேரம் தப்பு நடக்கிற இடம் நம்ம வீட்டு டம்ளர், குழந்தையை எடை போடுற தராசு. அதைத்தான் இன்னிக்கு பார்க்கப் போறோம்.

வரலாறு ஒரே வரி: டிபி நோயாளியை சானடோரியத்துல, அதாவது தனி டிபி ஆஸ்பத்திரியில அடைச்சு வைக்க வேண்டியதில்ல, வீட்டுல வச்சே குணப்படுத்தலாம்னு உலகத்துக்குக் காட்டினது 1959-ல வெளியான நம்ம சென்னை ஆய்வு. அதனாலதான் காட்பாடியிலயோ பேரணாம்பட்டுலயோ இருக்கிற குழந்தை இன்னிக்கு வீட்டுலயே மருந்து சாப்பிடுது.

குழந்தைக்கு மருந்து ஏன் நல்லா கேட்குது? கிருமியோட எண்ணிக்கைதான் காரணம். பெரியவங்க நுரையீரல்ல விழுற குழிப்புண்ல கோடிக்கணக்குல கிருமி இருக்கும். குழந்தைக்கு பெரும்பாலும் நெஞ்சுக்குள்ள நெறி கட்டியிருக்கும், கிருமி கொஞ்சம்தான். இப்போ இந்தக் கணக்கைப் பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இது. ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் ரெண்டும் முக்கியமான டிபி மருந்து. ஐசோநியாசிடுக்கு மசியாத கிருமி இயற்கையாவே சுமார் 10 லட்சத்துல ஒண்ணு இருக்கும். ரிஃபாம்பிசினுக்கு மசியாதது 10 கோடியில ஒண்ணு. கிருமியே சில ஆயிரம்தான்னா, மருந்தை எதிர்க்கிற ஒண்ணு அதுக்குள்ள இருக்கவே வாய்ப்பு குறைவு. அப்படியும் ஒரு குழந்தைக்கு மருந்து கேட்காத டிபி இருந்தா, அது பெரும்பாலும் தொத்தின ஆள்கிட்டருந்தே அப்படி வந்தது. குடியாத்தத்துல பீடி சுத்துற வீட்டுல, டிபி இருக்கிற ஆயா (பாட்டி) மடியில வளர்ற குழந்தைன்னா, குழந்தையோட கிருமி ஆயாவோட கிருமிதான். இதை ஞாபகம் வைங்க, கடைசியில வேணும்.

(திரையில் டம்ளரும் மாத்திரை அட்டையும்)

சரி, மாத்திரைக்கு வருவோம். குழந்தைங்களுக்குன்னே தண்ணியில கரையுற மாத்திரை இருக்கு. ஒரு மாத்திரையில ஐசோநியாசிட் 50, ரிஃபாம்பிசின் 75, பைரசினமைடு 150 மில்லிகிராம். எத்தாம்புட்டால் 100 மில்லிகிராம் தனி மாத்திரை, அதே எண்ணிக்கையில. முதல் 2 மாசம் இந்த நாலும். அடுத்த 4 மாசம் பைரசினமைடு இல்லாம மூணு.

எடை 4-லிருந்து 7 கிலோ வரைக்கும் ஒரு மாத்திரை. 8-லிருந்து 11 வரைக்கும் ரெண்டு. 12-லிருந்து 15-க்கு மூணு. 16-லிருந்து 24-க்கு நாலு. அதுக்கு மேல பெரியவங்க மாத்திரை சேரும், அதை டாக்டர் பார்த்து எழுதுவாங்க.

சுமார் 50 மில்லி குடிதண்ணியில, அதாவது கால் டம்ளர்ல போட்டா சில நொடியில கரைஞ்சுடும். 10 நிமிஷத்துக்குள்ள குடிச்சிடணும். டம்ளர் அடியில படிஞ்சிருக்கிறதும் மருந்துதான், இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தி அலசிக் குடுங்க. வெறும் வயித்துல குடுத்தா ரிஃபாம்பிசின் நல்லா உடம்புல சேரும். அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்துட்டா அந்த டோஸை முழுசா திரும்பக் குடுங்க. தினமும் வாந்தியா? அப்போ ரெண்டு வாய் இட்லி குடுத்துட்டு மருந்து குடுங்க, ஒரு நாள் விட்டுப்போறதை விட அது எவ்வளவோ மேல். ஆனா வாந்தியோட கண்ணும் மஞ்சளா இருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி. ஒண்ணுக்கு ஆரஞ்சு நிறத்துல போனா பயப்படாதீங்க, அது ரிஃபாம்பிசின் நிறம். நம்ம ஊர் அக்னி நட்சத்திர வெயில்ல, சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டுல, அட்டையை அடுப்பு மேல இருக்கிற பலகையில மட்டும் வைக்காதீங்க. முன்கூட்டியே பிச்சு டப்பாவுலயும் போட்டு வைக்காதீங்க, ஈரம் இழுத்துக்கும்.

இப்போ நிறைய பேர் பண்ற தப்பு: “ஆயாவுக்குக் குடுத்த மாத்திரை மிச்சம் இருக்கு, உடைச்சுக் குடுத்தா என்ன?” கணக்குப் போட்டே பார்த்துடலாம். குழந்தை 12 கிலோ. அதுக்கு வேண்டியது மூணு மாத்திரை: ஐசோநியாசிட் 150, ரிஃபாம்பிசின் 225, பைரசினமைடு 450, எத்தாம்புட்டால் 300. பெரியவங்க மாத்திரை ஒண்ணுல 75, 150, 400, 275. ஒன்றரை மாத்திரை குடுத்தா ரிஃபாம்பிசின் கச்சிதமா 225 வந்துடும், பார்க்க சரியாத்தான் இருக்கும். ஆனா ஐசோநியாசிட் 112-தான், கால்வாசி குறைச்சல். பைரசினமைடு 600, ஈரலுக்குச் சுமை. எத்தாம்புட்டால் 412, அது கூடினா கண் பார்வையைத் தொடும். குழந்தை உடம்பு மருந்தை வேகமா வெளியேத்திடும், அதனால பெரியவங்களுக்கு கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஐசோநியாசிட்னா குழந்தைக்கு 10 வேணும். மாத்திரையை உடைச்சா இந்த விகிதம் வராது.

அடுத்தது தராசு. மருந்து வேலை செய்யுது, குழந்தைக்குப் பசி எடுக்குது, சதை போடுது. 7 கிலோவா இருந்தது 8 ஆகுது. ஒரே கிலோதான், ஆனா மாத்திரை ஒண்ணுலருந்து ரெண்டாகணும், நேரா ரெட்டிப்பு! தேறி வர்றதனாலேயே பழைய டோஸ் பத்தாமப் போகுது. மாசம் ஒரு தடவை அதே தராசுல, செருப்பும் ஸ்வெட்டரும் இல்லாம எடை போடச் சொல்லுங்க. நர்ஸ் கேட்கலைன்னா நீங்க கேளுங்க. நிக்‌ஷய் அரசுத் திட்டத்துல டிபி நோயாளியோட ஊட்டச்சத்துக்கு 2024 நவம்பர்லருந்து மாசம் 1,000 ரூபா வருது, அதை முட்டைக்கும் பருப்புக்கும் வைங்க.

மருந்து ஆரம்பிச்ச பிறகு கழுத்துல நெறி இன்னும் பெரிசாகுதா? சில குழந்தைங்களுக்கு அப்படி ஆகும். செத்த கிருமியை எதிர்த்து உடம்பு தேறிச் சண்டை போடுற வீக்கம் அது. டாக்டர்கிட்ட காட்டுங்க, மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க.

4 மாசம் போதும்னு கேள்விப்பட்டிருப்பீங்க. சென்னையும் சேர்ந்து, 1,204 பிள்ளைங்க கலந்துக்கிட்ட ஆய்வுல தீவிரமில்லாத டிபிக்கு 4 மாசமும் 6 மாசமும் ஒரே அளவு பலன் தந்தது. 2022-ல உலக சுகாதார நிறுவனமும் ஏத்துக்கிச்சு. உங்க குழந்தைக்கு டாக்டர் 6 மாசம்னு எழுதியிருந்தா 6 மாசம்தான்.

மூளைக்காய்ச்சல் டிபி மட்டும் வேற கதை. மருந்து குடுத்தும் 100-க்கு 19 குழந்தைங்க இறக்குறாங்க, பிழைச்சதுல பாதிக்கு மேல பாதிப்பு நிக்குது. நாள் கடந்து வர்றது ஒரு பெரிய காரணம். டிபி உள்ள வீட்டுல ஒரு குழந்தை நாள்கணக்கா காய்ச்சல், வாந்தி, விளையாடாம சோர்ந்து சோர்ந்து தூங்குதுன்னா, காலையில பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க. வேலூர் பக்கத்து அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்கு அன்னிக்கு ராத்திரியே கிளம்புங்க.

இப்போ ஆயாகிட்ட வருவோம். குழந்தைக்கு டிபின்னா வீட்டுல யாரோ பெரியவங்க இருமிக்கிட்டு இருக்காங்கன்னு வைங்க. அவங்க சளியை சிபிநாட் இல்ல ட்ரூநாட்ங்கிற கிருமிப் பரிசோதனையில பார்த்தா ரிஃபாம்பிசின் கேட்குமா கேட்காதான்னு தெரிஞ்சுடும். சளி துப்பத் தெரியாத ரெண்டு வயசுக் குழந்தைக்கு அந்த ரிசல்ட் காகிதம்தான் வழிகாட்டி. வீட்டுல இருக்கிற மத்த பிள்ளைங்களையும் பார்த்து, நோய் இல்லைன்னு உறுதியானா தடுப்பு மருந்து ஆரம்பிப்பாங்க. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆயாவையும் கூட்டிட்டுப் போங்க. அவங்க ரிசல்ட்டை குழந்தையோட ஓ.பி. சீட்டோட சேர்த்து பின் பண்ணி வைங்க.